ஒன்பதாம் வளைவில் வரையாடு

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் படி இறங்குவதற்குள் அத்தை கிளம்பும் தேதியைக் குறித்துவிட்டார். டிசம்பர் இருபத்தொன்பது, திங்கட்கிழமை. ஆரோனுக்கு ஒரு வயது நிறைவதற்குள் வேளாங்கண்ணியில் முதல் முடி இறக்குவதாக, அவன் பிறந்த அன்றே மாதாவிடம் வேண்டிக்கொண்டாராம். வேண்டிக்கொண்டதை என்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறார்.

"பஸ்ல போயிடலாமே அத்தை" என்றேன்.

"கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு எத்தன பஸ் மாறுவே? வாசல்ல வண்டிய நிறுத்திட்டு யாராவது பஸ்ல போவாங்களா தாயி?"

என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் முன்னால் நடந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வால்பாறையிலிருந்து கீழே ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கல்யாணமாகி வந்த அன்று குதூகலமாக எண்ணிக்கொண்டே ஏறியவள்தான் நான். இப்போது மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இந்தப் பழைய காரில் அவ்வளவையும் இறங்க வேண்டும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் எல்லோரும் படுத்த பிறகு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

பெலிக்ஸ் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். "உனக்குத்தான் வண்டின்னா பயமாச்சே. கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன ஆயில் மாத்தணும்னு நீயே பாத்துச் சொல்லிடு. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வீணாப் போக வேண்டாம்."

கேலிதான். ஆனாலும் பிடித்துக்கொண்டேன். ஆரோன் மத்தியானம் தூங்கும்போது வண்டியின் கையேட்டைப் போனில் இறக்கிப் படித்தேன். நான் காலேஜில் சேர்ந்த வருஷம் தயாரான வண்டி. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் எந்த ஆயிலை ஊற்றினார்கள் என்பது யாருக்குத் தெரியும்.

துணி காயவில்லை. மழை விட்டபாடில்லை. ஆரோனுக்கு மேல் பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான்.

நவம்பர் 15, சனி

மெக்கானிக் குணசீலன் அண்ணன் வந்தார். பஜாரில் பட்டறை வைத்திருக்கிறார். எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வண்டிகள் எல்லாம் அவர் கைதான்.

"பழைய இன்ஜின் தங்கச்சி. இருபது அம்பது கிரேடு ஊத்துவோம். ஆயில் கெட்டியா இருந்தா சத்தம் அடங்கிடும்."

"கையேட்டுல பதினஞ்சு நாப்பதுன்னு இருக்குண்ணா."

"அது புதுசா இருந்தப்ப போட்டது. வயசானா மனுசனுக்கே கஞ்சியக் கெட்டியாத்தானே குடுக்கறோம்?"

"சத்தம் அடங்குறதும் வியாதி தீர்றதும் ஒண்ணாண்ணா? இந்தக் குளிர்ல காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஆயில் மேல ஏறணும். கெட்டியா இருந்தா ஏற நேரமாகும்."

பெலிக்ஸ் வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "குணா, எதிர்த்துப் பேசாதே. இவ வாத்தியாரா ஆகியிருக்க வேண்டியவ" என்றார்.

கடைசியில் பதினைந்து நாற்பதையே ஊற்றினோம். டீசலுக்கென்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க விட்டேன். ரேடியேட்டரைத் திறந்தால் துருத்தண்ணீர். பெலிக்ஸ் இத்தனை நாளும் ஓடைத் தண்ணீரைத்தான் பிடித்து ஊற்றியிருக்கிறார். அதைக் கழுவிவிட்டுக் கூலன்ட் ஊற்றினார் அண்ணன். நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

காலையில் ஆயில் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். முந்தாநாள் தேன் மாதிரி இருந்த ஆயில் மை மாதிரிக் கறுத்துக் கிடந்தது. உடனே பட்டறைக்குப் போன் போட்டேன்.

"டீசல்னா அப்படித்தான் தங்கச்சி. உள்ள இருக்கற கரிய அது இழுத்துக்கும். கறுத்தா வேல செய்யுதுன்னு அர்த்தம். கறுக்கலேன்னாத்தான் நீங்க பயப்படணும்."

படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இது நல்ல கறுப்பு.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றும் பார்த்தேன். நேற்றைய கறுப்புதான்.

நவம்பர் 20, வியாழன்

பிரேக் ஆயில் டப்பா இன்ஜினுக்குப் பின்னால் ஒரு மூலையில் சின்னதாக இருக்கிறது. வெளியே அழுக்கு அப்பியிருந்ததால் இதுவரை கண்ணில் படவில்லை. துடைத்து மூடியைத் திறந்தேன். வெளுத்த தேன் நிறத்தில் இருக்க வேண்டியது ஆறிப்போன டிகாக்ஷன் மாதிரி இருந்தது.

இந்தக் கறுப்பு நல்ல கறுப்பு இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வருஷக்கணக்கில் இழுத்தால் தண்ணீர் சேரும், கொதிநிலை இறங்கும். மலை இறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதித்தால் சூடு ஏறி உள்ளேயே கொதித்து ஆவிக்குமிழ் வரும். குமிழ் அமுங்கும், திரவம் அமுங்காது. அப்போது பிரேக் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. சூடு ஆறியதும் குமிழ் அடங்கிவிடும், மிதி பழையபடி கெட்டியாகிவிடும். ஒன்றுமே நடக்காத மாதிரி.

இதை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். இதில் எனக்கு ஏதோ சந்தேகம் இருக்கிற மாதிரி.

சாயங்காலம் பெலிக்ஸிடம், "பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டேன்.

"அது மாத்தற சாமான் இல்ல. குறைஞ்சா ஊத்துவாங்க."

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம்னு போட்டிருக்குங்க. கறுத்திருக்கு."

"அதுல கை வைக்காதே ரோஸ்லின்." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். இட்லி பாதி அப்படியே இருந்தது. இன்ஜின் ஆயிலுக்கு ஆயிரம் கேலி பண்ணியவர், இதற்கு ஒரு கேலிகூடப் பண்ணவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அத்தையின் தங்கை வந்திருந்தார். இலை போட்டு உட்கார்ந்ததும் அந்தக் கதை வந்துவிட்டது. எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் சொல்லும் கதை.

போன ஜனவரியில் எனக்கு வலி எடுத்துப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். பெலிக்ஸ் ஓட்டினார், பின் சீட்டில் அத்தை மடியில் தலை வைத்து நான். ஒன்பதாம் வளைவு வந்தபோது, "பிரேக் இல்ல, பிரேக் இல்ல" என்று நான் கத்தினேனாம். அங்கே வரையாடு ஒன்று ரோட்டை மறித்து நின்றதாம். அது போகிற வரைக்கும் பெலிக்ஸ் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாராம்.

"புள்ள பெத்துக்கப் போறவ அம்மான்னு கத்துவா, மாதாவேன்னு கத்துவா. இவ பிரேக்குன்னு கத்தறா" என்று அத்தை சொன்னதும் சின்ன அத்தைக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா அத்தை, அந்த ஆட்ட?"

"நான் எங்க பாத்தேன்? கண்ண மூடி ஜெபமால சொல்லிக்கிட்டிருந்தேன். பெலிக்ஸு சொன்னான்."

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். ஏதோ கருகுகிற வாசனை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தெரிந்த அவருடைய வலது முழங்கால். தையல் மிஷின் மிதிப்பது போல அது ஏறி ஏறி இறங்கியது. பிறகு இடதுபக்கம் சுவரில் உரசுகிற சத்தம். இடது கதவில் இருக்கும் கோடு, பொள்ளாச்சியில் லாரிக்காரன் போட்டது என்று சொன்னார். நான் வலியில் இருந்தேன். வலியில் இருப்பவள் எதை வேண்டுமானாலும் பார்ப்பாள்.

நவம்பர் 24, திங்கள்

தூக்கம் இல்லை.

நவம்பர் 29, சனி

பெலிக்ஸின் சித்தப்பா மகளுக்குப் பொள்ளாச்சியில் நிச்சயதார்த்தம். அத்தை முந்தின நாளே போய்விட்டார். "அங்க வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, பஸ்லயே போயிடலாம்" என்றார் பெலிக்ஸ். நல்லதாகப் போயிற்று. யோசித்துப் பார்த்தால் ஆரோன் பிறந்த பிறகு அவர் கீழே போனதெல்லாம் பஸ்ஸில்தான்.

மழையில் பஸ் மெதுவாக இறங்கியது. ஆரோன் என் தோளில் தூங்கிவிட்டான். பெலிக்ஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. வளைவு முடிந்ததும் தளர்ந்தது. அடுத்த வளைவில் மறுபடியும். ஒன்பதாம் வளைவில் போன் மடியில் நழுவி விழுந்தது; அவர் எடுக்கவில்லை.

புதுச் செருப்பு. இப்படி அழுத்தினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

விருந்தில் பிரியாணி நன்றாக இருந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

ஆரோன் பகலில் தூங்கும்போது அவன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு விரலில் பட்டால்தான் அடுத்த வேலை ஓடும். சில நாள் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் பலமுறை ஓடி வந்துவிடுவேன். இன்று அத்தை அறை வாசலில் நின்று வெகு நேரம் பார்த்திருக்கிறார்.

"எத்தன நாளா இப்படிச் செய்யறே தாயி?"

சும்மா என்றேன். சாயங்காலம் சமையலறையில் பெலிக்ஸிடம் தணிந்த குரலில் பேசினார். சுவர் மெலிதானது. "மனசு சரியில்லடா அவளுக்கு. ஆயிலு, கம்பி, குழந்த மூச்சு. அன்னிக்கு வண்டியில கத்துனாளே, அப்பவே எனக்குத் தெரியும். வேளாங்கண்ணி போயிட்டுத் திரும்பி வரயில கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டிரலாம்."

பெலிக்ஸ் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றார்.

டிசம்பர் 3, புதன்

அத்தை சொன்னதில் தப்பில்லை. எனக்கு மனசு சரியில்லைதான். சரியாக இருப்பவள் உயிரோடு தூங்குகிற குழந்தையைத் தொட்டுத் தொட்டு எழுப்பமாட்டாள். என் பயம் எல்லாமே அப்படித்தானா, ஒன்றாவது கணக்கில் சேருமா என்பதுதான் தெரியவில்லை. அளவுக்கம்பி மாதிரி எதையாவது உள்ளே விட்டு, இழுத்துப் பார்த்து, இது நல்ல கறுப்பு, இது கெட்ட கறுப்பு என்று யாராவது சொன்னால் தேவலை.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசைக்கு வண்டியில் போனோம். கோயிலுக்கு இறங்கும் சரிவில் பெலிக்ஸ் இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். இன்ஜின் முனகியது.

இந்த மலையில் இறக்கத்தை யாரும் கியரில் இறங்குவதில்லை. நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே போவார்கள். டீசல் மிச்சம் என்று ஒரு பெருமை. இவர்தான் அதில் முதல் ஆள். "அட்டகட்டியில நியூட்ரல் போட்டா ஆழியாறு செக்போஸ்ட்டுலதான் கியர் தொடுவேன்" என்று பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடமே சொன்னவர். ஜனவரியில் இறங்கியதும் அப்படித்தான்.

எப்போது மாறினார் என்று கேட்க நினைத்தேன். ஃபாதர் எதிரே வந்துவிட்டார். பயணத்துக்கு முன்னால் வண்டியை மந்திரிக்க வேண்டும் என்று அத்தை கேட்டுக்கொண்டார். தீர்த்தம் தெளித்துவிட்டால் எதுவும் அண்டாதாம்.

டிசம்பர் 11, வியாழன்

குணசீலன் அண்ணனுக்குப் போன் செய்து பிரேக் ஆயில் வரவழைக்கச் சொன்னேன். எந்த வகை என்று மூடியிலேயே அச்சிட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். பவர் ஸ்டியரிங் ஆயில் மாதிரி வேறு எதையும் அதில் கலந்துவிடக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும் என்றும் சொன்னேன்.

"தெரியும் தங்கச்சி" என்று சிரித்தார். "பொள்ளாச்சியிலேர்ந்து பஸ்ஸுல போட்டு விடச் சொல்றேன். சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்லிக்கறேன்."

டிசம்பர் 17, புதன்

பெலிக்ஸ் எஸ்டேட் ஆபீசுக்குப் போன பிறகு அண்ணன் வந்தார். அத்தை ஆரோனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லைன் வீட்டுக்குப் போயிருந்தார். பழைய ஆயிலை நான்கு சக்கரத்திலும் வடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் ஆயில் வடியும் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"மிதிங்க. இன்னொருக்கா. இப்ப அழுத்திப் பிடிச்சுக்கோங்க, நான் சொல்ற வரைக்கும் கால எடுக்கக்கூடாது."

அவர் திருகாணியைத் திறந்தார். என் காலுக்குக் கீழே கல் மாதிரி இருந்த மிதி, பிடிமானமே இல்லாமல், தரைவரை போய்விட்டது. வண்டி வாசலில்தான் நிற்கிறது, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்திருக்கிறது, தெரியும். ஆனாலும் இடது கை தானாகவே ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துவிட்டது.

சக்கரத்தடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "பயந்துட்டீங்களா? அன்னிக்கு இப்படித்தான் போச்சுன்னாரு சாரும்."

"என்னைக்கு?"

"உங்களக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்தாரே, அதுக்கு அடுத்த வாரம். குணா, மிதி தரைக்குப் போச்சுடா, சொவத்துல ஒரசித்தான் நிறுத்துனேன்னாரு. நான் வந்து மிதிச்சுப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், பதட்டத்துல அப்படித் தெரிஞ்சிருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன்." திருகாணியை மூடிக்கொண்டே, "அப்பவே மாத்தியிருக்கணும். ஆறிட்டா திரும்பக் கெட்டியாயிடும்னு எனக்கு உறைக்கல. வீட்டுல சொல்லாதேன்னாரு. நீங்கதான் மாத்தச் சொன்னதால, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றார்.

பாட்டிலில் இறங்கியது டிகாக்ஷனைவிடக் கறுப்பாக இருந்தது. கடைசிச் சக்கரத்தில் வெளுத்த தேன் நிறம் வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். மிதிங்க, பிடிங்க, விடுங்க. முகத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை. காலை மட்டும் எடுக்கவில்லை.

டிசம்பர் 17, மறுபடியும்

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "பிரேக் ஆயில் மாத்தியாச்சு" என்றேன்.

பெலிக்ஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "குணா ஏதாவது சொன்னானா?"

"இல்லீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரே சொல்ல வேண்டும் என்று நினைத்தேனோ. சொல்ல எத்தனை ஞாயிறு விருந்து இருந்தது அவருக்கு. அவ்வளவு பேர் சிரித்தபோதும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனுஷன்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஃபாதர் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். பானட்டைத் திறந்து இன்ஜின் மேலும் தெளிக்கச் சொன்னார் அத்தை. பிரேக் ஆயில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நான் முன்னாலேயே பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 25

கேக் அடி பிடித்துவிட்டது. ஆரோன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டிசம்பர் 29, திங்கள் — தஞ்சாவூர் லாட்ஜில்

விடிந்து பனி விலகிய பிறகு கிளம்பினோம். முன் சீட்டில் நானும் ஆரோனும், பின்னால் அத்தை. அட்டகட்டி தாண்டியதும் பெலிக்ஸ் இரண்டாம் கியருக்கு மாற்றினார். பின்னால் வந்த ஜீப்புக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். பெலிக்ஸ் வழி விட்டாரே தவிர வேகம் எடுக்கவில்லை. ஆரோன் என் தாலிச் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் வளைவின் பலகை தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை பின்னாலிருந்து தோளைத் தொட்டார். கோபமாக அல்ல, ஆறுதலாகத்தான். "கண்ணத் திற தாயி. போன தடவ மாதிரிக் கத்திடாதே, புள்ள பயந்துக்கும். திரும்பி வரயில டாக்டரம்மாகிட்டச் சொல்லி எல்லாம் சரி பண்ணிக்கலாம்."

வண்டி நின்றது. பெலிக்ஸ் ஓரம் கட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். கீழே ஆழியாறு அணை வெயிலில் தகடு மாதிரிக் கிடந்தது.

"என்னடா, ஆடா?" என்றார் அத்தை.

"அன்னிக்கு ஆடு இல்லம்மா."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "பிரேக்தான் போச்சு. மூணு வளைவா மிதிச்சுக்கிட்டே வந்தேன், பிடிக்கல. இந்தச் சொவத்துல ஒரசித்தான் நிறுத்துனேன். இவ சொன்னது நெசம். நான்தான் ஆடுன்னேன்."

அத்தையின் கையில் ஜெபமாலை நின்றுவிட்டது. "புள்ளத்தாச்சி பின்னால இருந்தாளேடா" என்றார். பிறகு வேறு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். "அப்புறம் எதுக்குடா அவள டாக்டர்கிட்டக் காட்டலாம்னதுக்குச் சரின்னே?"

பெலிக்ஸ் என்னைப் பார்த்தார். எனக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். சொல்லவில்லை. ஆரோனை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன், தடுப்புச் சுவர் மேல் வரையாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. நிஜ ஆடு. எதையோ மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது.

மீதி வளைவுகளைப் பெலிக்ஸ் ஒழுங்காக இறக்கினார். மிதி ஒரு முறைகூட ஏமாற்றவில்லை. ஆழியாறு செக்போஸ்ட்டில் இறங்கி நிற்கும்போது என் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 30, செவ்வாய் — வேளாங்கண்ணி

முடி இறக்கியாயிற்று. ஆரோன் அழவில்லை, கத்திக்காரரின் மூக்கைப் பிடிக்கப் பார்த்தான். சந்தனம் பூசிய தலை மாம்பழம் மாதிரி இருக்கிறது. அத்தை காலையிலிருந்து என் தட்டில்தான் முதலில் வைக்கிறார். கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இனி விருந்தில் அதைச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். பெலிக்ஸ் வாளியில் தண்ணீர் பிடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இடது கதவுக் கோட்டின் மேல் துணி திரும்பத் திரும்பப் போயிற்று.

மத்தியானம் கடற்கரையில், "டாக்டரம்மா வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். நான் போறேன்."

"அதான் நீ சொன்னது எல்லாம் சரியாப் போச்சே."

"ஒண்ணுதாங்க சரியாப் போச்சு."

அவருக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. சரியாகப் போனதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. இனி என் மனசு எதைக் காட்டினாலும், அன்றைக்கு நான் சொன்னது நடந்ததா இல்லையா என்று கேட்கும். இப்போதுகூட இதை எழுதுவதற்கு நடுவில் இரண்டு முறை எழுந்துபோய் மொட்டைத் தலைக்குக் கீழே மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சு இருக்கிறது. சந்தன வாசனையோடு இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். முதலில் பிரேக்கைப் பற்றிச் சொல்வேன். அது நடந்தது. அதைக் கேட்டு அவர் சிரிக்காமல் இருந்தால், நடக்காமலேயே நான் தினமும் பார்க்கிறதைச் சொல்வேன்.